அவங்க எத்தனை பேர்?

யேசு மரி சூசை

கீழ்க்கணக்கு லயம்,
நிவித்திகல.
04.05.2025

உங்களுக்கு,

திரேசா எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இரண்டு வருடமாகப் பேசாதவள் திடீரென்று எழுதுகிறாளே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒரு பரீட்சை இருக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளைக்காம்பராவில் நான் பத்து வருடமாகப் பிள்ளை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதிலிருந்து திரும்பி வரும்வரை முப்பது பிள்ளைகள் என் கையில். இப்போது காம்பராவுக்குப் பொறுப்பான அதிகாரி வேலை காலியாகியிருக்கிறது. அதற்குப் பரீட்சை எழுத வேண்டும். போன வருடமும் எழுதினேன். உங்களுக்குச் சொல்லவில்லை. மற்றப் பாடமெல்லாம் பாஸ், இங்கிலிஷில் மட்டும் முப்பத்தாறு. நாற்பது வேண்டும். இந்த வருடப் பரீட்சை ஜூலை 26, இரத்தினபுரியில். வயது முப்பத்தைந்து தாண்டினால் எழுத விடமாட்டார்கள். எனக்கு நவம்பரில் தாண்டுகிறது. அதனால் இதுதான் கடைசி.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரத்தினபுரியில் வகுப்புக்குப் போகிறேன். அங்கே படிப்பிக்கும் விஜயகலா மிஸ் என் மாதிரித் தாளைப் பார்த்துவிட்டு, “மத்ததெல்லாம் பரவாயில்ல திரேசா. இந்த he, she, they தான் ஒங்கள விழுத்துது” என்றார். “என் அம்மா” என்று ஒரு கட்டுரை. நான் எல்லா இடத்திலும் அம்மாவுக்கு they போட்டிருந்தேன். மிஸ் நல்லவர், சிரிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்கு எத்தன அம்மா?” என்று கேட்டுச் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் இதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் வாத்தியார் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை. போனில் கேட்கலாம். ஆனால் தேயிலை ஸ்டோர் வளைவில்தான் சிக்னல் கிடைக்கிறது, அங்கே நின்று பேசினால் லயத்து வீடு அத்தனையும் கேட்கும். அதோடு உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் இலக்கணம் ஏறாது.

இங்கே மழை தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டு ஜன்னலின் கொண்டி கழன்றுபோய், கட்டிலில் தூவானம் அடிக்கிறது. கட்டிலை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
திரேசா


எம்பிலிப்பிட்டிய.
12.05.2025

அன்புள்ள திரேசா,

உறையில் இருந்தது உன் கையெழுத்து இல்லை. நிவித்திகல முத்திரையைப் பார்த்ததும் உனக்கு ஏதோ நடந்து வேறு யாரோ எழுதுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். உள்ளே உன் எழுத்தைக் கண்ட பிறகுதான் உட்கார்ந்தேன். என்னோடு அறையில் இருக்கும் வாத்தியார் காமில் சேர், “என்ன சேர், ட்ரான்ஸ்பர் லெட்டரா?” என்று கேட்டார். அதைவிடப் பெரிது என்றேன்.

கேட்டதற்கு வருகிறேன். he, she, it, they எல்லாம் வேறொருவருக்குப் பதிலாக நிற்கிற சொற்கள். யாருக்குப் பதிலாக என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இங்கிலிஷில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, உனக்கு அது வேண்டாம். ‘ஆள்’ என்று வைத்துக்கொள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆளைத் தேடு. ஆள் ஒருவர், ஆண் என்றால் he. பெண் என்றால் she. they போட வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். வயது, மரியாதை, பதவி எதையும் இங்கிலிஷ்காரன் பார்க்க மாட்டான். துரையும் he, துரை வீட்டுச் சமையல்காரரும் he. இப்போது சில புத்தகங்களில் ஒருவருக்கும் they போடலாம் என்கிறார்கள். பரீட்சையில் அந்த விளையாட்டு வேண்டாம்.

I, you, we என்பவற்றுக்கு ஆள் தேடத் தேவையில்லை. தன்மை, முன்னிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். பேசுகிறவரும் கேட்கிறவரும் எதிரெதிரே இருக்கிறார்கள். படர்க்கைக்குத்தான் ஆள் வேண்டும். ஏனென்றால் அவர் அங்கே இல்லை.

இதைச் செய்து அனுப்பு:

1. The children are crying because ____ are hungry.
2. My mother is a plucker. ____ gets up at four.
3. Father Thomas is old. ____ walks slowly.
4. Jerome told Kamil that he was late. (இதில் பிந்தி வந்தது யார்?)
5. My husband is a teacher. ____ works in Embilipitiya.

இன்னொன்று. “எங்கள் வீட்டு ஜன்னல்” என்று எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் நானும் ஒன்பது வருடம் இருந்தவன். ‘நம் வீடு’ என்றால் நானும் உண்டு, ‘எங்கள் வீடு’ என்றால் நான் வெளியே. இங்கிலிஷில் our என்று எழுதியிருந்தால் நான் உள்ளேயா வெளியேயா என்று தெரிந்திருக்காது. தமிழில் உடனே தெரிந்துவிட்டது.

அன்புடன்,
ஜெறோம்


யேசு மரி சூசை

நிவித்திகல.
21.05.2025

உங்களுக்கு,

கடிதமும் பயிற்சியும் கிடைத்தன. விடைகள் இதோ.

முதலாவது they. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தினமும் முப்பது பேர் பசியில் அழுகிறார்கள். இரண்டாவது She. எழுதிவிட்டேன். ஆனால் எழுதும்போது அம்மாவை ‘அவ’ என்று சொன்ன மாதிரி இருந்தது. அம்மா உயிரோடு இருந்து இதைப் படிக்கத் தெரிந்திருந்தால் அகப்பைக் காம்பால் ஒன்று வைத்திருப்பார்கள். மூன்றாவது, தோமஸ் சாமியாருக்கு They என்று எழுதி, அழித்து, He என்று எழுதினேன். மனசு கேட்கவில்லை. பிறகு இங்கிலிஷ் ஜெபப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆண்டவரையே He என்றுதான் போட்டிருக்கிறார்கள். அவருக்கே இல்லாத பன்மை சாமியாருக்கு எதற்கு என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

நான்காவது. பிந்தி வந்தது நீங்களா, காமில் சேரா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஆண், இரண்டு பேரும் ஒருவர். தமிழில் ‘தான் பிந்திவிட்டதாகச் சொன்னார்’ என்றால் விசயம் முடிந்தது. அந்தத் ‘தான்’ இல்லாமல் இங்கிலிஷ்காரர் எப்படித்தான் சண்டை இல்லாமல் குடும்பம் நடத்துகிறார்களோ!

ஐந்தாவதை விட்டுவிட்டேன்.

உறையை எழுதியது கிருஷ்ணகுமாரி, காம்பராவில் என்னோடு வேலை செய்கிற தங்கச்சி. உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. நீங்களே அதற்கு என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. கோபத்திலும் அது மாறவில்லை.

‘எங்கள் வீடு’ என்று யோசித்து எழுதவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

பயமாக இருக்கிறது. கஞ்சி ஊற்றும்போதும் தொட்டில் ஆட்டும்போதும் he, she என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறேன். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு “ஹீ ஹீ” என்று கத்துகிறார்கள். வகுப்பில் என்னோடு இருக்கிற பிள்ளைகளுக்கு இருபத்தி மூன்று, இருபத்தி நாலு வயது. அவர்களுக்கு ஒரு நிமிடத்தில் வருவது எனக்கு ஒரு வாரமாகியும் வரவில்லை. இன்னும் பயிற்சி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திரேசா


எம்பிலிப்பிட்டிய.
29.05.2025

அன்புள்ள திரேசா,

ஐந்துக்கு நான்கு. நான்காவதற்கு முழு மார்க். அந்த வாக்கியம் பிழையானது என்று கண்டுபிடிப்பதுதான் அதன் விடை. ஆள் யார் என்று தெரியாவிட்டால் he போடக் கூடாது, பெயரையே திரும்ப எழுத வேண்டும்.

ஐந்தாவதை ஏன் விட்டாய்? அதுதான் இருப்பதிலேயே சுலபம். பரீட்சையில் இப்படி வெறுமையாக விட்டால் இரண்டு மார்க் போகும். உனக்கு வேண்டியது நான்கு மார்க்தான் என்பதை நினைவில் வை.

அன்று நடந்ததுதான் காரணம் என்றால், திரேசா, அது ஒரு சின்னச் சிரிப்பு. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன்னை யாரும் தாழ்வாக நினைக்கவில்லை. அடுத்த நாளே அவர்களுக்கு அது மறந்துபோயிருக்கும். அதற்காக இரண்டு வருடம் வீட்டு வாசலை எனக்கு அடைத்து வைத்தாய். சரி, பழையதைக் கிளற வேண்டாம். படிப்பைப் பார்ப்போம். இதோடு பத்துப் பயிற்சி வைத்திருக்கிறேன். நேரம் வைத்துக்கொண்டு செய்.

மழை உங்கள் பக்கம் கடுமை என்று கேள்வி. ஜன்னலுக்குக் கயிறாவது கட்டிவை.

அன்புடன்,
ஜெறோம்


நிவித்திகல.
08.06.2025

உங்களுக்கு,

பழையதைக் கிளற வேண்டாம் என்கிறீர்கள். நீங்கள் கிளறாவிட்டாலும் அது என் நெஞ்சில்தான் கிடக்கிறது. ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன்.

உங்கள் பள்ளிக்கூட அதிபரின் பிரியாவிடை விருந்து. நீங்கள் சனி ஞாயிறு வந்துபோகிற காலம் அது. “நீயும் வா, எல்லாரும் ஃபேமிலியோட வாறாங்க” என்று கூப்பிட்டீர்கள். இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதே யாராவது இங்கிலிஷில் கேட்டால் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உங்களுக்குத் தலைகுனிவு வரக் கூடாதே என்று.

நீங்கள் படம் எடுக்கப் போயிருந்தபோது ஒரு மிஸ் கேட்டார், where is your husband என்று. கேள்வி புரிந்துவிட்ட சந்தோசத்தில் நான் சொன்னேன்: “My husband, they are coming now.” பக்கத்தில் நின்ற சேர் ஒருவர் சத்தமாக, “They? How many husbands, madam?” என்றார். அந்த மேசை முழுக்கச் சிரித்தது. எத்தனை புருசன் என்று ஒரு பெண்ணைக் கேட்டுச் சிரித்தார்கள். நான் உங்களைத் தேடினேன். நீங்கள் அதற்குள் வந்து அவர் பக்கத்தில்தான் நின்றீர்கள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் உங்கள் சிரிப்பு நிற்கவில்லை.

நான் செய்த பிழை என்ன? ஒரு மனுசனை ‘அவங்க’ என்று சொன்னேன். நீங்கள் ஒருத்தர்தான் என்று எனக்குத் தெரியாதா? உங்களை ‘அவன்’ என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதான் பிழை. நான் கொடுத்த மரியாதையை வைத்து என்னைச் சிரித்தார்கள், அந்த மரியாதைக்கு உரியவரும் சேர்ந்து சிரித்தார். அத்தனை பேரில் ஒரே ஒரு ஆள் என் பக்கம் நின்றிருந்தால் போதும். ஆள் தேடு, ஆள் தேடு என்று எழுதுகிறீர்களே, அன்றைக்கு நான் தேடினேன்.

சின்னச் சிரிப்புத்தான், சிரித்தவர்களுக்கு.

பத்துப் பயிற்சியையும் செய்யாமல் திருப்பி அனுப்புகிறேன். முப்பத்தாறோடு இருந்துவிட்டுப் போகிறேன். பிள்ளை தூக்க இங்கிலிஷ் வேண்டாம்.

திரேசா


எம்பிலிப்பிட்டிய.
16.06.2025

அன்புள்ள திரேசா,

இதை நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. எழுத்தில் சொல்கிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் முதல் வருடம். “என் தந்தை” என்று இங்கிலிஷ் கட்டுரை. நான் எழுதினேன்: “My father is a rubber tapper. They goes to work at five. They has a knife.” விரிவுரையாளர் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். நாற்பது பேர் சிரித்தார்கள். “எத்தனை அப்பா?” என்று பின் வரிசை வாங்கில் இருந்து ஒருவன் கேட்டான். கலாசாலையை விட்டு வரும்வரை எனக்கு அதுதான் பட்டப்பெயர், ‘தே’.

அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். இனி யாரும் என் வாயிலிருந்து தோட்டத்தைக் கேட்கக் கூடாது என்று. படித்தேன், வாத்தியாரானேன். இந்தப் பாடசாலையில் ஐந்து வருடமாக இருக்கிறேன், என் அப்பா ரப்பர் பால் வெட்டினவர் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் “எஸ்டேட்டில் வேலை” என்பேன். கிளார்க் என்று நினைத்துக்கொள்வார்கள், நானும் திருத்த மாட்டேன். ஊர்ப் பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துகிறவன் இதை மட்டும் திருத்தவில்லை.

நீ they என்று சொன்னதும் என் வாயிலிருந்தே அது வந்துவிட்ட மாதிரி இருந்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்க்கப்போகிறார்கள், அகப்பட்டுவிட்டேன் என்று பயந்தேன். அதனால் முந்திக்கொண்டு சிரித்தேன். எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தேன். உன் முகத்தைப் பார்த்தேன் திரேசா. பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன். சின்னச் சிரிப்பு என்று எழுதியது பொய்.

நான் செய்தது கேவலம். என்னை மன்னி. மன்னிக்க முடியாவிட்டால் பயிற்சியையாவது செய். பத்தையும் திரும்பவும் வைத்திருக்கிறேன்.

ஜெறோம்


எம்பிலிப்பிட்டிய.
02.07.2025

அன்புள்ள திரேசா,

பதில் இல்லை. நீ எழுதாமல் இருக்கிறாயா, எழுத முடியாமல் இருக்கிறாயா என்று தெரியவில்லை. நிவித்திகலப் பக்கம் மண் சரிந்து பாதை மூடிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை. உன் போனுக்கு எத்தனை தடவை எடுத்தேன் என்று எண்ணவில்லை, அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. நேரே வரப் பார்த்தேன், இரத்தினபுரிக்கு அப்பால் பஸ் இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

பரீட்சைக்கு இன்னும் இருபத்தி நான்கு நாள். என் மேல் கோபம் என்றால் என் மேல் வை, they மேல் வைக்காதே. இன்னும் பத்துப் பயிற்சி வைக்கிறேன். ஒன்றும் எழுத வேண்டாம், உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போடு.

ஜெறோம்


யேசு மரி சூசை

நிவித்திகல.
09.07.2025

உங்களுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

மண் சரிந்தது தோட்டத்தின் மேல்கணக்குப் பகுதியில். ஆட்களுக்குச் சேதம் இல்லை. இரண்டு லயத்துச் சனத்தைக் கொண்டுவந்து பிள்ளைக்காம்பராவில் வைத்திருக்கிறோம். பதினொரு நாளாக லைட் இல்லை, தபால் அதற்கு முன்பே நின்றுவிட்டது. இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. பிந்தியதைத்தான் முதலில் பிரித்தேன்.

மாமாவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். “They has a knife” என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னியுங்கள். மாமா பால் வெட்டும் கத்தியோடு நான்கைந்து பேராக நிற்பது கண்ணில் தெரிந்தது. பிறகு அழுதேன். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை என்னிடம் நீங்கள் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால், அன்றைக்கு நீங்கள் சிரித்ததும் நானும் சேர்ந்து சிரித்திருப்பேனோ என்னவோ.

ஆனால் என்னிடம் மட்டும் சொன்னால் என்ன பிரயோசனம்? அந்தச் சிரிப்பு நடந்தது அங்கே. நான் இங்கே லயத்தில் உட்கார்ந்து உங்களை மன்னித்தாலும், அவர்களுக்கு நான் இன்னும் எத்தனை புருசனோ வைத்திருக்கிறவள்தான். இதை யோசித்துப் பாருங்கள். நான் வற்புறுத்த மாட்டேன்.

இருபது பயிற்சியும் நேற்று இரவே செய்து வைத்திருக்கிறேன். மெழுகுதிரி ஏற்றிக்கொண்டு, பிள்ளைகள் மடியில் கிடக்கக் கிடக்கச் செய்தது. கையெழுத்து மோசமாக இருக்கும். பரீட்சை மண்டபத்தில் எல்லாம் மறந்துபோகும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. மார்க்கை மட்டும் போட்டு அனுப்புங்கள். பரீட்சை முடியும்வரை நான் இனி எழுத மாட்டேன்.

திரேசா


எம்பிலிப்பிட்டிய.
17.07.2025

அன்புள்ள திரேசா,

இருபதுக்குப் பதினெட்டு. பிழைத்த இரண்டும் everyone வருகிற இடம், அது வாத்தியார்மாரையே விழுத்துவது. husband வருகிற வாக்கியத்தைத் திரும்பவும் வைத்திருந்தேன். இம்முறையும் வெறுமையாகத்தான் விட்டிருக்கிறாய். விடை உனக்குத் தெரியும் என்று வைத்து மார்க் போட்டிருக்கிறேன். இப்படி ஒரு திருத்தலை நான் இதுவரை செய்ததில்லை.

நேற்று இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். எல்லோரும் இருந்தார்கள், அந்தச் சேரும் இருந்தார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். என் மனைவி அன்று they என்று சொன்னது தெரியாமல் இல்லை, எங்கள் தோட்டங்களில் மதிக்கிற ஒருவரை ஒருவராக எண்ண மாட்டோம், பலராகத்தான் எண்ணுவோம் என்றேன். நானும் என் அப்பாவை அப்படித்தான் எழுதினேன் என்றேன். அப்பா பால் வெட்டினவர் என்றும் சொன்னேன். அவள் எனக்குக் கொடுத்த மரியாதையை வைத்து நீங்கள் சிரித்தீர்கள், நான் அதைவிடக் கூடச் சிரித்தேன் என்றேன்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. றுகையா டீச்சர், “எங்கட வாப்பாவையும் நாங்க அவங்கண்டுதான் சொல்ற” என்றார். அந்தச் சேர், “ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டிவிட்டு மணி அடிக்க முன்பே வகுப்புக்குப் போனார். என் தேநீர் ஆறிவிட்டது. அவ்வளவுதான்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். நீ பாஸாகி அதிகாரியாகிவிட்டால் என்னிடம் கேட்க உனக்கு ஒன்றும் இருக்காது. கடிதமும் வராது. இந்தப் பயம் எனக்கு முதல் கடிதத்திலிருந்தே இருக்கிறது. ஆனாலும் உனக்கு ஒரு பயிற்சியைக்கூட நான் பிழையாகச் சொல்லித் தரவில்லை. நீ பாஸாக வேண்டும்.

இரண்டு பேனை கொண்டுபோ. ஆளைத் தேடி எழுது.

ஜெறோம்


யேசு மரி சூசை

கீழ்க்கணக்கு லயம்,
நிவித்திகல.
27.07.2025

ஜெறோம்,

எழுதிவிட்டேன். பரீட்சையையும்தான், மேலே இருக்கிறதையும்தான்.

காலை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். மண்டபத்தில் வயதில் மூத்தவள் நான்தான். முதல் பத்து நிமிடம் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடியது. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஆளைத் தேடினேன். கிடைத்தார்கள். ஒன்றிரண்டு பிழைத்திருக்கும். முடிவு செப்டம்பரில்தான் தெரியும்.

கடைசிக் கேள்வி, குடும்பத்தில் ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம். அம்மாவைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். She, she, she என்று எல்லாம் தயார். பேனை ஓடவில்லை. ஓடியபோது வேறு எங்கோ ஓடிவிட்டது. அப்படியே எழுதுகிறேன், பாருங்கள்:

My husband’s name is Jerome. He is a teacher. His father was a rubber tapper. One day Jerome laughed at me, and one day he told the truth. We have a house in Nivithigala.

நீங்கள் இரண்டு தடவை அனுப்பிய அந்த வெற்றிடத்துக்கு விடை இதுதான். he என்று எழுதினேன், ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனால் பெயரை எழுதும்போது முதுகு வியர்த்தது. யாரோ பின்னால் நின்று பார்ப்பது மாதிரி திரும்பிப் பார்த்தேன், மேற்பார்வையாளர் என்னை முறைத்தார்.

இங்கிலிஷில் we என்று போட்டால், அதில் நீங்கள் உள்ளேயா வெளியேயா என்று தாள் திருத்துகிறவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

முடிவு என்ன வந்தாலும் இந்த வேலையை விட்டுவிட்டு நான் எம்பிலிப்பிட்டியவுக்கு வர மாட்டேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்தான் வர வேண்டும். வருகிறவர் லயத்துக்கு வருகிறேன் என்று காமில் சேரிடமும் மற்றவர்களிடமும் சொல்லிவிட்டு வர வேண்டும். ஆகஸ்ட் எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா, உங்களுக்கு லீவு. பாதை திறந்துவிட்டார்கள்.

வரும்போது ஒரு கொண்டி வாங்கி வாருங்கள். அடுத்த வரியில் ஒரு சொல்லை வெட்டியிருப்பது தெரியும். ‘எங்கள்’ என்று கை தானாக எழுதிவிட்டது. தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், நான் திருத்தியது உங்களுக்குத் தெரியட்டும்.

நம் வீட்டு ஜன்னல் இன்னும் கயிற்றில்தான் நிற்கிறது.

கிருஷ்ணகுமாரி வழக்கம்போலப் பேனையோடு வந்தாள். “ஒறையில பேரு எழுதணுமாக்கா?” என்றாள். நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். எழுதுவதைப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்துக்கொண்டு போனாள். இந்நேரம் லயம் முழுக்கத் தெரிந்திருக்கும். பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால் வளைத்துக்கொண்டு கேட்பார்கள், யார் வருவது என்று. கடிதத்தில் பெயரை எழுதிவிட்டாலும் வாயில் அது இன்னும் வரவில்லை. “அவங்க வர்றாங்க” என்றுதான் சொல்வேன்.

எத்தனை பேர் என்று இங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

திரேசா